எடையா, காலமா? உடல் பருமனுடன் தாய்மையை எதிர்நோக்கும் பெண்கள் அறிய வேண்டியவை

புதுதில்லி: குழந்தைப்பேற்றுக்காக மருத்துவரை நாடும் உடல் பருமன் கொண்ட பெண்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் அறிவுரை, 'எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்' என்பதாகும். இந்த அறிவுரையில் உண்மை உண்டு. ஆனால், எவ்வளவு எடையைக் குறைக்க வேண்டும், எத்தனை மாதங்களுக்குள் குறைக்க வேண்டும், எந்த வயது வரை காத்திருக்கலாம் என்ற கேள்விகளுக்கு விடை கூறாத நிலையில் அது முழுமை பெறுவதில்லை.

கருத்தரிப்பில் உடல் எடையைப் போலவே வயதும் முக்கியப் பங்கு வகிக்கிறது. எடை குறைவதற்காகக் காத்திருக்கும் ஆண்டுகளில் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைந்துகொண்டே செல்கின்றன. எனவே, எடை, காலம் ஆகிய இரண்டையும் சேர்த்து எடைபோட்டே முடிவெடுக்க வேண்டியுள்ளது. இது குறித்து மருத்துவ ஆய்வுகளும் வழிகாட்டுதல்களும் கூறுவது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தில்லியில் பத்தில் நான்கு பெண்கள்

2019-21-ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 24 சதவீதத்தினர் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். நான்காவது ஆய்வில் இது 20.6 சதவீதமாக இருந்தது. தேசியத் தலைநகர் தில்லியில் இந்த விகிதம் 41.3 சதவீதம், தமிழ்நாட்டில் 40.4 சதவீதம். அதாவது, குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் நால்வருக்கு இது சொந்தப் பிரச்னை.

இந்தக் கணக்கு, உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) 25 அல்லது அதற்கு மேல் என்ற அளவை அடிப்படையாகக் கொண்டது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ கிடைக்கும். உதாரணமாக, 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணின் எடை 60 கிலோவாக இருந்தால் பிஎம்ஐ 25; 72 கிலோவாக இருந்தால் 30.

எனினும், இந்தியர்களுக்கு இந்த அளவுகோல் சற்றுத் தளர்வானது என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். ஒரே பிஎம்ஐ கொண்ட ஐரோப்பியரைவிட இந்தியரின் உடலில், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பு அதிகம். இதைக் கருத்தில்கொண்டு, தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் உள்ளிட்டோர் இணைந்து உருவாக்கி, 2025 ஜனவரியில் வெளியான புதிய வரையறையில், பிஎம்ஐ 23-ஐக் கடந்தாலே கவனம் தேவை எனக் கூறப்பட்டுள்ளது. உடல் உறுப்புகளின் செயல்பாட்டில் பாதிப்பு இல்லாத நிலை, பாதிப்பு ஏற்பட்டுவிட்ட நிலை என உடல் பருமன் அதில் இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும் என்பதும் இந்தியர்களுக்காக முன்பே வகுக்கப்பட்ட அளவுகோலாகும்.

கருத்தரிப்பு ஏன் தாமதமாகிறது?

உடல் பருமன் கொண்ட பெண்களில் பலர் எவ்வித சிகிச்சையும் இன்றி இயல்பாகவே கருத்தரிக்கின்றனர் என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். சிலருக்குத் தாமதம் ஏற்படுவதற்கு முக்கியக் காரணம், மாதந்தோறும் நிகழ வேண்டிய கருமுட்டை வெளியீடு சீராக நடைபெறாததே.

உடலில் கொழுப்பு அதிகரிக்கும்போது, இன்சுலின் சுரந்தாலும் அது சரிவரச் செயல்படுவதில்லை. அதை ஈடுசெய்ய உடல் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இந்த மிகை இன்சுலின், சினைப்பையைத் தூண்டி ஆண் தன்மை ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கச் செய்கிறது. மறுபுறம், கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜெனை உற்பத்தி செய்வதால், மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஹார்மோன் தகவல் பரிமாற்றம் குழம்புகிறது. முட்டை முழுமையாக முதிர்வதில்லை, மாதவிடாய் தள்ளிப்போகிறது. பேச்சுவழக்கில் 'நீர்க்கட்டி' என்று சொல்லப்படும் பிசிஓஎஸ் பாதிப்பு உள்ளவர்களிடம் இந்தச் சுழற்சி மேலும் தீவிரமாகக் காணப்படுகிறது.

இந்தச் சுழற்சியை உடைக்க, 'சரியான எடை' என்று அட்டவணையில் காணப்படும் எண்ணை எட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாயும் கருமுட்டை வெளியீடும் சீரடைகின்றன. 80 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 4 முதல் 8 கிலோ மட்டுமே. 55 கிலோவுக்கு வர வேண்டும் என்று கூறப்படும்போது மலைப்பாகத் தோன்றும் இலக்கு, நான்கு கிலோ என்று கூறப்படும்போது எட்டக்கூடியதாகிறது.

கணவரின் எடையும் கணக்கில் உண்டு

குழந்தைப்பேறு தள்ளிப்போனால் பெண்ணை மட்டுமே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் பல குடும்பங்களில் இன்னமும் தொடர்கிறது. ஆனால், தில்லியில் ஆண்களில் 38 சதவீதத்தினரும், தமிழ்நாட்டில் 37 சதவீதத்தினரும் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள் என அதே ஆய்வு தெரிவிக்கிறது. ஆண்களின் உடல் பருமன் டெஸ்டோஸ்டிரோன் அளவைக் குறைத்து, விந்தணுக்களின் எண்ணிக்கையையும் தரத்தையும் பாதிக்கக்கூடும்.

விந்தணுப் பரிசோதனை எளியது, செலவும் குறைவு. பெண்ணுக்குப் பல மாதங்கள் சிகிச்சை அளித்த பின்னர் அல்லாமல், தொடக்கத்திலேயே அதைச் செய்துகொள்வது விலைமதிப்பற்ற காலத்தைச் சேமிக்கும். புதிய விந்தணுக்கள் உருவாக ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆவதால், கணவரும் மனைவியும் ஒரே நேரத்தில் உணவுப் பழக்கத்தையும் உடற்பயிற்சியையும் மாற்றிக்கொள்வது நல்லது. ஒரே சமையலறையில் ஒருவருக்கு மட்டும் பத்தியம் என்பது நீண்ட நாள் நிலைப்பதில்லை.

காத்திருப்பது எவ்வளவு காலம்?

சிகிச்சைக்கு முன்னர் கட்டாயமாக எடையைக் குறைக்கச் செய்வது பலன் தருமா என்ற கேள்விக்கு விடை காண, நெதர்லாந்தில் ஒரு முக்கிய ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. குழந்தையின்மைக்குச் சிகிச்சை நாடிய, பிஎம்ஐ 29 அல்லது அதற்கு மேல் கொண்ட 577 பெண்கள் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு ஆறு மாத வாழ்வியல் மாற்றப் பயிற்சிக்குப் பின்னரும், மற்றொரு பிரிவினருக்கு உடனடியாகவும் சிகிச்சை அளிக்கப்பட்டது. இதன் முடிவுகள் 2016-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயின.

பயிற்சி பெற்றவர்கள் சராசரியாக 4.4 கிலோ எடை குறைந்தனர். எனினும், 24 மாதங்களுக்குள் ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தையை நிறைமாதத்தில் சுகப்பிரசவமாகப் பெற்றவர்களின் விகிதம், பயிற்சி பெற்ற பிரிவில் 27.1 சதவீதமாகவும், உடனடி சிகிச்சை பெற்ற பிரிவில் 35.2 சதவீதமாகவும் இருந்தது. அதேவேளையில், சிகிச்சையின் துணையின்றி இயல்பாகக் கருத்தரித்தவர்கள் பயிற்சி பெற்ற பிரிவிலேயே அதிகம்: 26.1 சதவீதம். மற்ற பிரிவில் இது 16.2 சதவீதம் மட்டுமே.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். எடை குறைப்பு வீணானது அல்ல. குறிப்பாக, இளம் வயதினருக்கு அதுவே போதுமானதாக அமையலாம். ஆனால், எடை குறையும் வரை சிகிச்சையின் கதவை அடைத்து வைப்பது அனைவருக்கும் நன்மை பயப்பதில்லை.

பொதுவான மருத்துவ நடைமுறைப்படி, 35 வயதுக்குட்பட்ட தம்பதி ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதனை தொடங்க வேண்டும். 35 வயதைக் கடந்தவர்களுக்கு இந்தக் கால அளவு ஆறு மாதங்கள். 40 வயதைக் கடந்தவர்கள் காத்திருக்கவே கூடாது. மாதவிடாய் சீரற்றிருந்தால் எந்த வயதிலும் உடனடியாக மருத்துவரை அணுகலாம். 27 வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதங்கள் என்பது பெரிய இழப்பல்ல. 37 வயதுப் பெண்ணுக்கு அது வேறு கணக்கு. அத்தகையோருக்கு எடை குறைப்பும் சிகிச்சையும் ஒன்றாகத் தொடங்குவது குறித்து மருத்துவருடன் பேச வேண்டும்.

மருந்துகள்: உதவுபவை, நிறுத்த வேண்டியவை

பிசிஓஎஸ் பாதிப்பால் கருமுட்டை வெளியேறாதவர்களுக்கு லெட்ரோசோல் மாத்திரை தற்போது முதல்நிலை மருந்தாக உள்ளது. அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், லெட்ரோசோல் உட்கொண்டவர்களில் 27.5 சதவீதத்தினரும், பழைய மருந்தான குளோமிஃபீன் உட்கொண்டவர்களில் 19.1 சதவீதத்தினரும் குழந்தை பெற்றனர். பங்கேற்றவர்களின் சராசரி பிஎம்ஐ 35 என்பது கவனிக்கத்தக்கது. இந்தியாவில் குழந்தையின்மை சிகிச்சைக்கு இம்மருந்தைப் பயன்படுத்த 2011-இல் மத்திய சுகாதார அமைச்சகம் தடை விதித்திருந்ததும், 2017-இல் அத்தடை விலக்கிக்கொள்ளப்பட்டதும் குறிப்பிடத்தக்கது.

மறுபுறம், எடை குறைப்பு ஊசிகள் குறித்து எச்சரிக்கை தேவை. மவுஞ்சாரோ என்ற பெயரில் டிர்செபடைட் 2025 மார்ச்சிலும், வெகோவி என்ற பெயரில் செமாக்ளுடைட் அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. கர்ப்ப காலத்தில் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் செமாக்ளுடைட் ஊசியைக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பும், டிர்செபடைட் ஊசியைக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும் என அறிவுறுத்தப்படுகிறது.

இதில் பலரும் அறியாத ஓர் அம்சம் உண்டு. எடை குறையும்போது கருமுட்டை வெளியீடு மீண்டும் தொடங்குவதால், 'எனக்குக் கரு தங்காது' என்று எண்ணியிருந்தவர்களும் எதிர்பாராமல் கருத்தரிக்க நேரிடலாம். மேலும், டிர்செபடைட் ஊசி கருத்தடை மாத்திரையின் செயல்திறனைக் குறைக்கக்கூடும் என்பதால், ஊசி தொடங்கிய பின்னரும், ஒவ்வொரு முறை மருந்தளவு உயர்த்தப்பட்ட பின்னரும் நான்கு வாரங்களுக்கு ஆணுறை போன்ற மாற்று முறையையும் சேர்த்துக் கடைப்பிடிக்க வேண்டும்.

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். எடை வேகமாகக் குறையும் அந்தக் காலகட்டத்தில் கருவுக்குத் தேவையான சத்துகள் கிடைக்காமல் போகலாம் என்பதே இதற்குக் காரணம்.

கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டிய கவனிப்பு

கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போது உறுதியாகியிருக்காது. எனவே, ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். பொதுவான அளவு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். பிஎம்ஐ 30-ஐக் கடந்தவர்களுக்கு 5 மில்லிகிராம் என்ற உயர் அளவைப் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பான ராயல் கல்லூரி பரிந்துரைக்கிறது. எந்த அளவு தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, ஹீமோகுளோபின் ஆகியவற்றையும் முன்கூட்டியே பரிசோதிப்பது அவசியம். உடல் பருமன் என்பது சத்துகள் நிறைந்த உடல் என்று பொருள்படாது. நாட்டில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளதாகத் தேசிய குடும்ப நல ஆய்வு கூறுகிறது. கூடுதல் எடையும் ரத்தசோகையும் ஒரே உடலில் இருக்க முடியும்.

கருத்தரிப்புக்கு முந்தைய கவனிப்பின் பலனுக்குத் தில்லியிலேயே சான்று உள்ளது. தெற்கு தில்லியின் குறைந்த மற்றும் நடுத்தர வருவாய்க் குடியிருப்புகளில் 18 முதல் 30 வயது வரையிலான 13,500 பெண்களிடம் 'விங்ஸ்' என்ற ஆய்வு நடத்தப்பட்டது. மருத்துவக் கவனிப்பு, ஊட்டச்சத்து, மனநல ஆதரவு, தூய்மை வசதி ஆகியவை ஒருங்கிணைத்து வழங்கப்பட்டன. 2022-இல் 'பிஎம்ஜே' இதழில் வெளியான முடிவுகளின்படி, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தொடர்ந்து கவனிப்பு பெற்றவர்களிடையே, எடை குறைந்த குழந்தை பிறப்பது 24 சதவீதம் குறைந்தது.

இந்த ஆய்வு உடல் பருமனை மையமாகக் கொண்டதல்ல. எனினும், கர்ப்பம் உறுதியான பின்னர் மருத்துவமனைக்குச் செல்வது தாமதமான தொடக்கம் என்பதை அது தெளிவாக உணர்த்துகிறது.

ஆபத்துகளை எப்படிப் புரிந்துகொள்வது?

உடல் பருமன் கொண்ட பெண்களில் பெரும்பாலானோர் ஆரோக்கியமான குழந்தையைப் பெற்றெடுக்கின்றனர். அதேவேளையில் சில ஆபத்துகள் அதிகரிப்பதை மறுக்க இயலாது. ராயல் கல்லூரி தரும் பிரிட்டன் கணக்குப்படி, பொதுவாக ஐந்தில் ஒரு கர்ப்பம் கருச்சிதைவில் முடிகிறது. பிஎம்ஐ 30-ஐக் கடந்தவர்களிடையே இது நான்கில் ஒன்று. குழந்தை இறந்து பிறப்பது பொதுவாக 200-இல் ஒன்று. இவர்களிடையே 100-இல் ஒன்று. கர்ப்பகால நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு மூன்று மடங்கு. பிரீ-எக்ளாம்ப்சியா எனப்படும் கர்ப்பகால ரத்த அழுத்தப் பாதிப்பு, ரத்தக்கட்டு, அறுவை சிகிச்சை மூலம் பிரசவம் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடுகிறது.

'இரு மடங்கு' என்ற சொல் அச்சமூட்டக்கூடியது. ஆனால், 100-இல் 99 குழந்தைகள் உயிருடன் பிறக்கின்றன என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். மேற்கண்ட ஆபத்துகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே கண்டறியக்கூடியவை என்பதே கர்ப்பிணிகள் மனதில் கொள்ள வேண்டிய செய்தி.

கர்ப்ப காலத்தில் என்ன செய்ய வேண்டும்?

இந்திய அரசின் வழிகாட்டுதல்படி, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் முதல் வருகையிலேயே சர்க்கரைப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். இயல்பாக இருந்தால் 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் செய்யப்பட வேண்டும். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகிய இரண்டு மணி நேரத்துக்குப் பின், ரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகால நீரிழிவு. தொலைவிலிருந்து வரும் பெண்களுக்கு உகந்த இந்த எளிய முறை, சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி. சேஷையாவின் முயற்சியால் நாடு முழுவதும் அறியப்பட்டதாகும். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் குளுக்கோஸ் நீரைப் பருகும் முன் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

ரத்த அழுத்தப் பாதிப்புக்கான ஆபத்துக் காரணிகள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால், 12-ஆவது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் பரிந்துரைக்கப்படுவதுண்டு. இதைத் தாமாகவே தொடங்கக் கூடாது. வயிற்றுக் கொழுப்பால் ஸ்கேன் படம் தெளிவாகத் தெரியாதபோது, மறுமுறை வரச் சொல்வது வழக்கமான நடைமுறையே. குழந்தைக்குக் குறை இருப்பதாக அஞ்ச வேண்டியதில்லை.

கர்ப்பமான பின்னர் எடையைக் குறைக்கும் முயற்சியில் இறங்குவது தவறு. பட்டினி, கடும் உணவுக் கட்டுப்பாடு, எடை குறைப்புப் பொடிகள் ஆகியவை கருவைப் பாதிக்கக்கூடும். எடை கூடும் அளவைக் கட்டுக்குள் வைப்பதே இலக்காக இருக்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கழகத்தின் 2009-ஆம் ஆண்டு அளவுகோலின்படி, பிஎம்ஐ 30-ஐக் கடந்தவர்களுக்குக் கர்ப்பகாலம் முழுவதிலும் 5 முதல் 9 கிலோ வரை எடை கூடினால் போதும்.

'இனி இருவருக்காகச் சாப்பிட வேண்டும்' என்று வீட்டுப் பெரியவர்கள் அன்புடன் கூறுவதுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது நாளொன்றுக்கு 350 கலோரி மட்டுமே. தில்லிச் சமையலறையின் நெய் பராத்தாவோ, தமிழ்ச் சமையலறையின் குவித்த சோறோ அளவாக இருக்கட்டும். பருப்பு, முட்டை, தயிர், கீரை, காய்கறிகளின் பங்கு கூடட்டும்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது என உலக சுகாதார அமைப்பு தெரிவிக்கிறது. மருத்துவர் தடை கூறாதபட்சத்தில் நடைப்பயிற்சியே போதுமானது. குளிர்காலத்தில் தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டி 'மிகவும் மோசம்' என்ற நிலையை எட்டும் நாள்களில், வீட்டுக்குள்ளேயே நடப்பது பாதுகாப்பானது.

எங்கு அணுகலாம்?

2016-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின் கீழ், ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவர்களால் இலவசப் பரிசோதனை செய்யப்படுகிறது. உயர் ஆபத்து கொண்ட கர்ப்பிணிகளின் அட்டையில் சிவப்பு அடையாளம் ஒட்டப்படுகிறது. அது அவமதிப்பு அல்ல. கூடுதல் கவனிப்புக்கான உரிமைச் சீட்டு. இத்தகையோர், மயக்கவியல் மருத்துவரும் ரத்த வங்கியும் உள்ள மருத்துவமனையைப் பிரசவத்துக்கு முன்கூட்டியே தேர்வு செய்துகொள்வது நல்லது. கர்ப்பகால நீரிழிவு இருந்தவர்கள் பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில் மீண்டும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

2025 பிப்ரவரி 23-ஆம் தேதி ஒலிபரப்பான 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் நரேந்திர மோடி உடல் பருமன் குறித்துப் பேசி, சமையல் எண்ணெய்ப் பயன்பாட்டை 10 சதவீதம் குறைக்குமாறு கேட்டுக்கொண்டார். அதன் பின்னர் உடல் பருமன் நாடு முழுவதும் பேசுபொருளானது. ஆனால், குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு எண்ணெய்க் கணக்கு மட்டும் போதாது. காலக் கணக்கும் தேவை.

எனவே, அடுத்த முறை 'எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்' என்று கூறப்பட்டால், பின்வரும் கேள்விகளைத் தயங்காமல் முன்வைக்கலாம்: நான் குறைக்க வேண்டியது எத்தனை கிலோ? அதற்கு எத்தனை மாதங்கள் காத்திருக்கலாம்? என் வயதுக்கு அந்தக் காத்திருப்பு பொருந்துமா? இதற்கிடையே எனக்கும் என் கணவருக்கும் எந்தப் பரிசோதனைகளைச் செய்யலாம்? அந்த மாதங்களுக்குள் எடை குறையாவிட்டால் அடுத்த நடவடிக்கை என்ன?

இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடையுடன் வீடு திரும்பும் பெண்ணிடம், வெறும் அறிவுரைக்குப் பதிலாக ஒரு திட்டம் கையில் இருக்கும்.